ஓ குரூப்புக்கு ஒண்ணும் ஆவாது

புயல் கரையைக் கடந்து, உப்பனாற்று வெள்ளம் வீடுகளை விட்டு வெளியேறியதும், புங்கந்திட்டுக் குப்பத்துக் கதவுகளில் சாக்பீஸ் எழுத்துகள் முளைத்தன. சில கதவுகளில் ஏ. சிலவற்றில் பி. பெரும்பாலான கதவுகளில் ஓ. எழுதியவன் ஜெயப்பிரகாஷ். குடிதண்ணீர் கேன் ஏற்றிய வேன் கடலூரிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வந்தது. வந்த கேன்கள் பாதிக் குப்பத்துக்கும் காணாது. முதல் நாள் ஒரு கேனை இரண்டு பேர் இழுத்ததில் ஒருவனுக்கு நெற்றி கிழிந்தது. அதன் பிறகுதான் இளைஞர் மன்றத் தலைவன் என்ற முறையில் ஜெயப்பிரகாஷ் ஒரு தீர்ப்புச் சொன்னான். ஏ, பி ரத்தக்காரர்களுக்குக் கேன் தண்ணீர். ஓ ரத்தக்காரர்களுக்கு அடிபம்பு.

"அவுங்க ஒடம்பு தாங்காதுப்பா. நமக்கென்ன. ஓ குரூப்புக்கு ஒண்ணும் ஆவாது."

கூட்டத்தில் முதலில் தலையாட்டியவள் தனம். ஜெயப்பிரகாஷுக்கு அவள் அண்ணி. அவளுடைய கதவில் இரண்டு எழுத்துகள் இருந்தன. மேலே ஏ, அது மகன் விஜயகுமாருக்கு. கீழே ஓ, அது அவளுக்கும் மகள் தமிழினிக்கும்.

இந்த எழுத்துகள் குப்பத்துக்குப் புதியவை அல்ல. பல வருஷங்களுக்கு முன் கோயில் திடலில் ரத்ததான முகாம் நடந்தபோது எல்லோருக்கும் விரல் நுனியில் குத்திப் பார்த்து, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கொரோனா வந்தது. இரண்டாவது அலையில் குப்பத்தில் சிலர் செத்தார்கள். தனத்தின் கணவன் பச்சமுத்துவும் அதில் போனான். கடலில் புயலுக்குள் படகு ஓட்டி வந்த மனுஷன் ஒரு கட்டிலில் படுத்து மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, செத்தவர்களின் அட்டைகளை யாரோ எடுத்துப் பார்த்தார்கள். ஏ. ஏ. பி. மறுபடி ஏ. ஒருவர்கூட ஓ இல்லை. அதே சமயத்தில் போனுக்குப் போன் ஒரு செய்தியும் சுற்றி வந்தது, ஓ ரத்தத்துக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி என்று. கண்ணால் கண்டதும் போனில் வந்ததும் ஒன்றாகப் பொருந்திவிட்டால் அதற்கப்புறம் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அப்போதிலிருந்து பையன்கள் மோட்டார் சைக்கிள் பின்னால் ஓ பாசிட்டிவ் என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு ரத்தமும் கேட்டார்கள். ஆற்றில் ஒதுங்கிய பிணத்தை எடுப்பது, செத்த மாட்டை இழுத்துப் புதைப்பது, காய்ச்சல் கண்ட வீட்டுக்குச் சோறு கொண்டுபோவது எல்லாம் ஓ-க்காரர்களின் வேலையாயின. விஜயகுமாரை அவன் கூட்டாளிகள் 'ஏ கிளாஸ்' என்று கூப்பிட்டார்கள். "மச்சான், நீ நிழல்ல ஒக்காரு. ஏ கிளாஸ் சரக்கு, வெயில் பட்டா கெட்டுப்போயிடும்." அவன் சிரிப்பான். தனம் சிரிக்கமாட்டாள். பச்சமுத்துவின் மூக்கு, பச்சமுத்துவின் நடை, பச்சமுத்துவின் ரத்தம். மகன் இருமினால் அவள் ராத்திரி முழுக்க விழித்திருப்பாள். கடலுக்கு அனுப்பாமல் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டாள்.

மகளைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. தமிழினி மழையில் நனைந்தாள், கூடை சுமந்தாள், வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நடந்து அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கி வந்தாள். சிதம்பரத்தில் பி.எஸ்சி. படித்துக்கொண்டு, தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். 'அவளுக்கென்ன' என்பதுதான் அவளைப் பற்றித் தனம் சொல்லும் ஒரே வாக்கியம்.

அடிபம்பு கோயிலுக்குப் பின்புறம் இருந்தது. அதை எப்போதும் நல்லதண்ணி பம்பு என்றுதான் சொல்வார்கள். உப்பனாற்றங்கரையில் உப்பில்லாத தண்ணீர் கிடைப்பது சும்மாவா? வெள்ளத்தின்போது பம்பின் கைப்பிடிகூடத் தெரியாமல் தண்ணீர் நின்றது. சுற்றியிருந்த கக்கூஸ் குழிகளின் மூடிகள் மிதந்து போய்விட்டன. வடிந்த பிறகு முதலில் செம்மண் நிறத்தில் வந்தது. இறைக்க இறைக்கத் தெளிந்தது. தெளிந்துவிட்டதே, பிறகென்ன என்று எல்லோரும் குடத்தை வைத்தார்கள். காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் ஒரு ஆட்டோ சொல்லிக்கொண்டு போனது. சிலிண்டர் வெள்ளத்தோடு போயிருந்தது. விறகு ஈரம். காய்ந்தது என்று தேறிய கொஞ்சம் சுள்ளி சோறு வடிக்கவே பற்றவில்லை.

முதலில் போனவள் முத்தம்மாள். கோயிலை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்த கிழவி. காலையில் வாந்தி, வயிற்றுப்போக்கு. சாயந்திரத்துக்குள் கண்கள் குழிக்குள் போய், கையில் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

"வயசாச்சு," என்றார்கள்.

முத்தம்மாள் கதவில் ஓ என்று எழுதியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தவர்கள் சொல்லவில்லை. ஓ-க்காரர்களே அவளைக் குளிப்பாட்டினார்கள்.

அடுத்து பவானியின் புருஷன். பவானி தனத்துக்கு எதிர் வீடு. அவள் புருஷன் வலையை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடக்கூடிய ஆள். அவனை இரண்டு பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

"என்னா பவானி, என்னா ஆச்சு?"

"தெரிலக்கா. நிவாரண முகாம்ல போட்ட சாம்பார் சாதம் ஒத்துக்கல போல."

"ராத்திரி குடிச்சாரா?"

பவானி பதில் சொல்லாமல் ஆட்டோவில் ஏறினாள். பதில் சொல்லாததால் தனம் அதையே காரணமாக எடுத்துக்கொண்டாள். ஆட்டோ போய்விட்டது. சிப்காட் ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பி, வழக்கமான அழுகிய முட்டை வாடையைக் கொண்டுவந்தது. அந்த வாடைக்குக் கீழே கக்கூஸ் குழியின் வாடையும் இருந்தது. தனம் அதை முகர்ந்தாள். முகர்ந்ததை மனசுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

மறுநாள் காலை தமிழினி பின்பக்கம் போய் வந்தாள். மறுபடி போனாள். திரும்பி வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"வயிறு ஒரு மாதிரி இருக்கும்மா."

"பரிச்சைன்னா ஒனக்கு எப்பவும் அப்டித்தான."

"இது அது இல்ல."

மூலையில் கேன் இருந்தது. மேலே சுத்தமான துண்டு போட்டு மூடியிருந்தாள் தனம். தமிழினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி ஒரு நாளைக்கி பாட்டில்ல கேன் தண்ணி ஊத்தும்மா. பம்பு தண்ணி நாத்தம் அடிக்குது."

"அது அண்ணனுக்கு."

"தெரியும். ஒரு பாட்டில்தான கேக்குறேன்."

"சாயந்திரம் வரைக்கும் அவனுக்கு அதுதான். நீ ஓ குரூப்பு. கல்லு தின்னாலும் செரிக்கும் ஒனக்கு. கெளம்பு, பஸ்ஸு போயிடும்."

விஜயகுமார் ஐஸ் கம்பெனிக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, "ஊத்திக் குடேம்மா, நான் அங்க குடிச்சிக்கிறேன்," என்றான்.

"நீ சும்மா இரு."

தனமே குடத்திலிருந்து பாட்டிலை நிரப்பினாள். மூடியை இறுக்கித் திருகி மகளின் பையில் வைத்தாள். தமிழினி எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் போனதுதான் பிறகு தனத்தின் காதில் ஓயாமல் கேட்டது. சண்டை போட்டிருக்கலாம். பாட்டிலைத் தூக்கி எறிந்திருக்கலாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேற்றில் கால் வைக்காமல் செங்கல் செங்கலாகத் தாண்டி அவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள்.

மதியம் துறைமுகத்தில் மீன் கூடைகளுக்கு நடுவே தனத்தின் போன் அடித்தது. அறியாத குரல்.

"ஆன்ட்டி, நான் சத்யப்பிரியா. தமிழினி கிளாஸ்மேட். பரிச்சை ஹால்ல மயங்கி விழுந்துட்டா ஆன்ட்டி. சிதம்பரம் ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம். நீங்க ஒடனே வாங்க."

"ஏன், என்னா ஆச்சு அவளுக்கு?"

"வாந்தி நிக்கல ஆன்ட்டி. அப்புறம்..." அந்தப் பெண் தயங்கினாள். "கஞ்சித் தண்ணி மாதிரி போவுது."

சிதம்பரம் பஸ்ஸில் தனம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம். சாலையின் இரண்டு பக்கமும் வயல் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் கிடந்தது. வானம் அதில் அசையாமல் விழுந்து கிடந்தது. ஓ குரூப்புக்கு ஒண்ணும் ஆவாது என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். எத்தனையோ முறை சொன்ன வாக்கியம். முதல் முறையாக அது யாரோ சொன்னது போல் இருந்தது. நானும் அதே தண்ணிதானே குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆவலையே என்று அடுத்து நினைத்தாள். அதில் கொஞ்சம் தைரியம் வந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது கீழே பார்த்தாள். ஆறு கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. தைரியம் போய்விட்டது.

வார்டில் மகளைத் தேடினாள். இரண்டு முறை அந்தக் கட்டிலைத் தாண்டிப் போனாள். சத்யப்பிரியா கூப்பிட்ட பிறகுதான் அது தமிழினி என்று தெரிந்தது. காலையில் போன முகம் இல்லை அது. கன்னம் ஒட்டி, கண்கள் உள்ளே போய், உதடுகள் காய்ந்து, வேறு யாருடையதோ போல் இருந்தது. முத்தம்மாளுடைய முகம் போல் இருந்தது. இரண்டு கையிலும் ஊசி குத்தி இரண்டு பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. தனம் அவள் கையைப் பிடித்தாள். விரல்கள் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியவை போல் சுருங்கியிருந்தன.

"பாப்பா."

தமிழினி கண்ணைத் திறந்தாள். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. என்ன கேட்கிறாள் என்று புரிய வெகுநேரம் ஆனது. தண்ணி.

டாக்டர் சிந்துஜா வயதில் சின்னவள். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது. குளுக்கோஸ் பாட்டிலின் வேகத்தைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"எந்தத் தண்ணிம்மா குடிச்சா?"

"பம்பு தண்ணி."

"வெள்ளம் நின்ன எடமா?"

"ஆமா."

"காய்ச்சினீங்களா?"

"இல்ல மேடம்." பிறகு, தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் குரலில், "அவ ஓ குரூப்பு மேடம். எங்க ஊர்ல கொரோனாவுலகூட ஓ-வுக்கு ஒண்ணும் ஆவல. கேன் தண்ணி ஏ-காரங்களுக்குக் குடுத்துட்டு, ஓ எல்லாரும் பம்புலதான் குடிச்சோம்," என்றாள்.

டாக்டரின் கை பாட்டிலின் மேலேயே நின்றுவிட்டது. அவள் திரும்பித் தனத்தைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று தனம் எதிர்பார்த்தாள். டாக்டர் கோபப்படவில்லை. சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கொரோனாவுல ஓ-காரங்களுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கலாம்னு சில ஆராய்ச்சில சொல்லிருக்காங்கம்மா," என்றாள் கடைசியில். "கொஞ்சம்தான். அதுவும் எல்லாரும் ஒத்துக்கல. மலேரியாவுலயும் அப்டி ஒண்ணு உண்டு. ஆனா இது வேற நோய். காலரா மாதிரி தெரியுது, டெஸ்ட்டுக்கு அனுப்பிருக்கேன். இதுல அப்டியே தலகீழு. ஓ-காரங்களுக்கு வந்தா மத்தவுங்களவிட ஜாஸ்தியா ஆட்டிப்புடும்."

தனத்தின் போன் அடித்தது. ஜெயப்பிரகாஷ். தனம் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். பின்னால் டாக்டர், "இருங்கம்மா, ஒரு நிமிஷம், ஆனா..." என்று சொல்வது கேட்டது. அது காதில் விழுந்தது, நிற்கவில்லை.

"ஜெயப்பிரகாஷு, டாக்டரம்மா சொல்றாங்க, இது ஓ குரூப்பைத்தான் புடிச்சி ஆட்டுமாம். பம்பு தண்ணிய ஓ-காரங்க யாரும் குடிக்க வேணாம். ஒடனே போய்ச் சொல்லு. ஒரு சொட்டு குடிக்க வேணாம்."



"என்னா அண்ணி சொல்ற? ஓ-வையா?"

"ஓ-வைத்தான். முத்தம்மா, பவானி புருஷன், இப்ப பாப்பா. யோசிச்சிப் பாரு. எல்லாம் ஓ."

"ஆமா," என்றான் அவன் மெதுவாக. "ஆமா அண்ணி. இங்க இன்னும் ரெண்டு பேருக்கு ஆரம்பிச்சிருக்குது. ரெண்டும் ஓ. சரி, நான் பாத்துக்குறேன்."

அவள் வார்டுக்குத் திரும்பியபோது டாக்டர் வேறு கட்டிலில் யாருக்கோ நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். தன்னால் முடிந்ததைச் செய்துவிட்ட நிம்மதி தனத்துக்கு இருந்தது. ஊரைக் காப்பாற்றிவிட்டோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சுவரோரம் உட்கார்ந்தாள்.

"சிறுநீர் போவட்டும்," என்று மட்டும் டாக்டர் வேறொரு கட்டிலுக்கு ஓடும்போது சொல்லிவிட்டுப் போனாள். "அது வரைக்கும் நான் எதுவும் சொல்ல முடியாது."

அன்று சிறுநீர் போகவில்லை. கட்டிலில் தொங்கிய பை காலியாகவே கிடந்தது. தனம் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தமிழினி சின்ன வயதில் அழ வேண்டிய இடங்களில் அழமாட்டாள். விழுந்து முட்டி தேய்ந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள். அது அவளுடைய ரத்தம் என்று தனம் நினைத்திருந்தாள். தூக்குவதற்கு ஆள் வரவில்லை என்பதால்தான் எழுந்தாளோ என்று இப்போது தோன்றியது. தோன்றியதை அவளால் நகர்த்த முடியவில்லை.

காலையில் டாக்டர் வந்தாள். நாடியைப் பார்த்தாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள். "நேத்துக்குத் தேவலாம்," என்றாள். பிறகு தனத்திடம் திரும்பினாள்.

"ஊருக்குச் சொன்னீங்களாம்மா? பம்பை மூடிட்டாங்களா? நானும் சுகாதார ஆபீஸுக்குச் சொல்லிட்டேன். நாலஞ்சு ஊர்ல வேலையா இருக்காங்க, மதியத்துக்குள்ள ஆளு வரும்னாங்க."

"நேத்தே சொல்லிட்டேன் மேடம். ஓ-காரங்க யாரும் அதுல குடிக்க வேணாம்னு."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"ஓ-காரங்க மட்டுமா?"

தனம் தலையாட்டினாள்.

"வர்றது எல்லாருக்கும் வரும்மா. குரூப்பு பாத்து வாய்க்குள்ள போவாது அது. வந்த பின்னாடி ஓ-காரங்களுக்கு வீரியம் ஜாஸ்தியா இருக்கலாம், அவ்ளோதான். ஏ-காரங்க தப்பிச்சாங்கன்னு நான் சொல்லவே இல்லையே. அவுங்களும் சாவாங்க. தண்ணிதாம்மா நோயி, ரத்தம் இல்ல. அதைச் சொல்லத்தான் நேத்து கூப்டேன். நீங்க போனோட போயிட்டீங்க."

வார்டில் எங்கோ ஒரு கிண்ணம் கீழே விழுந்து சுழன்று ஓய்ந்தது. தனம் போனை எடுத்தாள். விஜயகுமாரின் போன் அணைந்திருந்தது. குப்பத்தில் இன்னும் கரண்ட் வரவில்லை, சார்ஜ் இருந்திருக்காது. ஜெயப்பிரகாஷுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள்.

"நான் இருக்கேன் ஆன்ட்டி. நீங்க போயிட்டு வாங்க," என்றாள் சத்யப்பிரியா.

தமிழினி தூங்கிக்கொண்டிருந்தாள். தனம் அவள் நெற்றியைத் தொட்டாள். ஒரு பிள்ளையை விட்டு இன்னொரு பிள்ளையிடம் ஓடுவது அவளுக்குப் புதிதில்லை. இத்தனை வருஷமும் அதைத்தான் செய்திருந்தாள், ஒரே திசையில். இன்றும் அதே திசைதான்.

பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்றது. பி.முட்லூரில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் கனகாம்பரம் மணக்காது, ஆனாலும் அழகு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆலப்பாக்கத்தில் டிரைவர் இறங்கி டீ குடித்தார். தனம் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் அந்தப் பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திவிடுவோம் என்று பயந்தாள். போனை மட்டும் மறுபடி மறுபடி அழுத்தினாள்.

குப்பத்துத் தெருவில் நுழைந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாக்பீஸ் எழுத்துகள் அப்படியே இருந்தன. கேன்கள்தான் இடம் மாறியிருந்தன. ஏ, பி எழுதிய வாசல்கள் வெறுமையாக இருந்தன. ஓ எழுதிய வாசல்களில் நீலக் கேன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முத்தம்மாள் வீட்டுப் பூட்டிய கதவுக்கு முன்னால்கூட, பழக்கமில்லாத பையன் எவனோ, எழுத்தைப் பார்த்து ஒரு கேன் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

கோயிலுக்குப் பின்னால் பம்பின் சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் உராயும் சத்தம், ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

பம்படியில் குடங்களோடு கூட்டம் நின்றது. எல்லாம் இதுவரை கேன் வாங்கியவர்கள். பழக்கமில்லாத வேலை என்பதால் தங்களுக்குள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்து அடி, ஏ கிளாஸு. கையில காப்பு காச்சிடப்போவுது."

"அட, இவ்ளோ நாளு ஓ-காரனுங்க என்னா சீன் போட்டானுங்க. இப்ப பாரு, கேனைக் கட்டிக்கிட்டு படுத்துக் கெடக்கானுங்க."

தனம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் பம்பின் வாயில் கையை வைத்து அடைத்தாள். தண்ணீர் அவள் விரல்களுக்கு இடையே பீறிட்டது.

"யாரும் குடிக்கக் கூடாது. எல்லாருக்கும் வரும். ஏ-வுக்கும் வரும். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"என்னா அண்ணி இது," என்று ஜெயப்பிரகாஷ் முன்னால் வந்தான். கண் சிவந்து, தூக்கமில்லாமல் இருந்தான். "நேத்து ஓ-வுக்குத்தான்னு நீதான சொன்ன. நீ சொன்னத வெச்சித்தான் ஊரையே மாத்தி அடிச்சேன். ராவெல்லாம் கேன் தூக்கியிருக்கோம். இப்ப வந்து எல்லாருக்கும்ங்குற."

"நேத்து நான் முழுசா கேக்கல."

"அப்ப இன்னிக்கி முழுசா கேட்டியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தி, "பொண்ணு படுத்துருக்குல்ல, பாவம், கொழம்பிப்போயிருக்கு," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "தள்ளிக்கோ தனம். இது ஏ-காரங்க லைனு."

போன் அடித்தது. ஈரக் கையால் எடுத்தாள்.

"ஆன்ட்டி, யூரின் போயிடுச்சு. டாக்டர் பாத்துட்டு, பொழச்சிட்டான்னு சொல்றாங்க. கஞ்சி கேக்குறா ஆன்ட்டி. உங்கள எங்கேன்னு கேக்குறா."

"சரிம்மா," என்றாள் தனம். அவ்வளவுதான் வந்தது. அழுகை வர வேண்டிய இடம். வரவில்லை. கூட்டத்தில் அவள் கண்கள் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தன. இல்லை. வீட்டுக்கு ஓடினாள்.

விஜயகுமார் வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போகவில்லை. மூலையில் கேன் இருந்தது. அவள் போட்டுவிட்டுப் போன துண்டை மடித்து அழகாக மூடியிருந்தான். தனம் துண்டை எடுத்தாள். ராத்திரி வந்த புதுக் கேன், மூடியில் சீல் பிரிக்காமல் இருந்தது.

"தொடவே இல்லம்மா," என்றான் அவன். குரலில் சின்னப் பெருமை. "சித்தப்பா வந்து சொன்னதுலேருந்து ஒரு சொட்டு தொடல. ஒனக்கும் பாப்பாவுக்கும் வெச்சிருக்கேன். இவ்ளோ நாளு எனக்குக் குடுத்தீங்க. பாப்பா எப்டிம்மா இருக்கா?"

"நல்லாருக்கா." அவள் அவன் எதிரே மண்டியிட்டாள். "நீ எந்தத் தண்ணி குடிச்ச?"

"பம்புலதான். எனக்கென்னம்மா, நான் ஏ."

அவன் சிரித்தான். உதடுகள் காய்ந்திருந்தன. தனம் அவன் கையை எடுத்தாள், புறங்கையில் தோலைக் கிள்ளினாள். கிள்ளிய தோல் மெதுவாக, யோசித்து யோசித்து, கீழே இறங்கியது.

"ஏன் வேலைக்குப் போவல?"

கோயில் பக்கமிருந்து பம்பின் சத்தம் மறுபடி தொடங்கியது.

"ஒண்ணுமில்ல," என்றான். "வயிறு ஒரு மாதிரி இருக்கு."